மூடியிலிருந்து வீடு வரை

1958 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கிணற்றில் நான்கு வாளி இறைத்துக் குளித்தேன். ஐந்து ஐம்பதுக்கு அடுப்பு மூட்டினேன். என் கணவருக்குக் காப்பியும் மூன்று தோசையும் கொடுத்து ஆறரைக்கு வேலைக்கு அனுப்பினேன். அவர் மலாக்காவில் பஸ் ஓட்டுநர். அந்த வாரம் அவருக்கு செமாபோக் தடம். ஏழுமணிக்குள் வாசல் கூட்டி, பாய்களை வெயிலில் போட்டேன். ஏழரைக்கு மேசையில் உட்கார்ந்து இங்கிலீஷ் நோட்டைத் திறந்தேன். ஏழு நாற்பதுக்கு மூடிவிட்டேன்.

இவ்வளவும் அந்த ஆண்டின் நாட்குறிப்பில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் எழுதத் தொடங்கியவள், இன்று நாற்பத்தொன்பது வயதாகியும் ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் நோட்டைப் பத்து நிமிடத்தில் ஏன் மூடினேன் என்று அதில் எழுதவில்லை. பயம்தான். பரீட்சை மறுநாள் காலையில்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து எட்டு மாதம் முடியவில்லை. புதிய பாடத்திட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலும் இங்கிலீஷ் ஒரு பாடம். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியர்களான நாங்கள் முதலில் ஒரு தாள் எழுதித் தேற வேண்டும். நான் இரண்டு தடவை எழுதித் தவறியிருந்தேன். மூன்றாவது தடவையும் தவறினால் நகரப் பள்ளியில் என் இடத்துக்கு வேறு ஒருவர் வருவார். நான் ஜாசினுக்கும் அப்பால், பஸ் போகாத ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கேயே தங்கத்தான் வேண்டும். என் கணவருக்கு வேலை இங்கே. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஒன்றாகவே இருந்துவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் பார்த்துக்கொள்கிற குடும்பமாவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அதை வேடிக்கையாக்கினார்.

"வெள்ளக்காரன் கப்பலேறிப் போயாச்சி. அவன் பாஷ மட்டும் நம்ம அடுப்படியில வந்து குந்திக்கிச்சி. அதுக்கும் சேத்து ஒரு தோச சுடு."

அந்தத் தாளில் மற்றப் பகுதிகளை எப்படியோ சமாளித்துவிடுவேன். கட்டுரை வரும். கடிதமும் வரும். என்னைக் கவிழ்த்தது மொழிபெயர்ப்புப் பகுதி. அதிலும் ஓ, எஃப் போட்டு எழுதுகிற 'ஆஃப்' என்கிற இரண்டெழுத்துச் சொல். 'எங்கள் கிராமத்து மக்களின் வீடுகளின் கூரைகள்' என்று இரண்டு தடவையும் தமிழில் கேட்டிருந்தார்கள். முதல் தடவை அந்தச் சொல்லே இல்லாமல், 'அவர் வில்லேஜ் பீப்பிள் ஹவுஸ் ரூஃப்' என்று எழுதினேன். எத்தனை மக்கள், எத்தனை வீடு, எத்தனை கூரை என்று ஒன்றுமே அதில் தெரியாது. இரண்டாம் தடவை சோற்றில் உப்புத் தூவுகிற மாதிரி இரண்டு சொல்லுக்கு ஒரு 'ஆஃப்' தூவினேன். 'அவர் ஆஃப் வில்லேஜ் ஆஃப் பீப்பிள்.' வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து எழுதி அக்காவிடம் காட்டினேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா என்று நான் எழுதுவது எங்கள் வீட்டுச் சொந்தக்காரரை. காஜா பெராங்கில் அவருடைய பெரிய வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். மலாக்காச் செட்டிக் குடும்பம்; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறி மலாய் பேசத் தொடங்கிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழ் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா, மாமா போன்ற உறவுச் சொற்களும், சாமி கும்பிடும்போது வருகிற சில சொற்களும்தான். ஆனால் கன்னிமாடப் பள்ளியில் ஏழு வருடம் படித்தவர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. என்னைச் 'சிக்கு' என்பார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் என்னிடம் பேசியது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஐந்து மாதமாக அவர் எனக்கு மாலைகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வந்தார். பாவம், அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தமிழும் அவருடைய மலாயும் ஒரே வழியில் நடக்கின்றன. நாம் 'எங்கள் பானையின் மூடி' என்கிறோம். அவர் வீட்டில் 'கித்தா ஓராங் புன்யா பெரியோக் புன்யா தூடோங்' என்பார்கள். எங்கள், பிறகு பானை, பிறகு மூடி. உடையவரிடமிருந்து புறப்பட்டுப் பொருளுக்குப் போவோம். இங்கிலீஷ்காரர் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு உடையவரைத் தேடிப் போகிறார். மூடி, பானை, நாங்கள். புரிந்தது. பரீட்சைக்கு வருகிறவர்களுக்கே விளக்கிச் சொல்லுகிற அளவுக்குப் புரிந்தது. எழுத உட்கார்ந்தால் மட்டும் என் பேனா வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பும்.

பன்மை இன்னொரு தொல்லை. தமிழில் 'எங்கள் வீட்டுப் பானையில் ஒன்று' என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் 'ஒன் ஆஃப் அவர் பாட்' என்றே எழுதுவேன். அக்கா ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு சிவப்பு 'ஸ்' போடுவார். என் நோட்டில் அந்த 'ஸ்' கொசு மாதிரி மொய்த்துக் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்காவின் மகளுக்கு நிச்சயம் நடந்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் நான்கைந்து வகைக் குழம்பும் சமைக்க அக்கம்பக்கத்திலிருந்து பெரிய அலுமினியப் பானைகளை இரவல் வாங்கியிருந்தார்கள். அக்காவுடையதையும் சேர்த்துப் பதினான்கு பானை, பதினான்கு மூடி. ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தவருக்கு நான் எதுவும் செய்ததில்லை. ஞாயிறு காலை பானைகளை நான் கழுவித் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். நோட்டை மூடியதும் அந்த நினைவு வந்தது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஏழு ஐம்பதுக்குக் கிணற்றடியில் உட்கார்ந்தேன். சாம்பல், செங்கல் பொடி, தேங்காய் நார். பானைகளில் வருடக்கணக்கான விறகுக் கரி ஏறியிருந்தது. நான் ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை. முதலில் பானைகளை எல்லாம் முடிப்பது, பிறகு மூடிகள் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கரியை எடுத்த இடத்தில் சில பானைகளில் சிவப்பாகவும் வெள்ளையாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. குழம்பு காய்ந்து பிடித்திருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டி, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன். பத்தேகாலுக்குப் பதினான்கு பானையும் வெள்ளி மாதிரி வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

பின்வீட்டுக்காரர் தன் பானைகளைத் திரும்ப வாங்க வந்தார். தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிவந்த தமிழ்ப் பெண். வரிசையைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், வெள்ள வட்டம் போட்ட பானைங்க எங்கங்க?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் என் கல்யாணத்துக்கு வந்த, பெயர் வெட்டிய சின்னப் பாத்திரங்கள். விருந்துக்கு யாரும் அவற்றைக் கேட்டதில்லை. நானும் யாருடைய பானையையும் வாங்கியதில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயின்ட் அடையாளம் உண்டு என்பது ஆறு வருடம் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. பின்வீட்டுக்கு வெள்ளை வட்டம், எதிர்வீட்டுக்குச் சிவப்பில் இரண்டு கோடு, மூலை வீட்டுக்கு நீலப் பெருக்கல் குறி, அக்காவுக்குப் பச்சைப் புள்ளி. அத்தனையையும் நான் செங்கல் பொடி போட்டு எடுத்துவிட்டேன்.

எல்லாம் ஒரே கடையில் வாங்கிய மாதிரி ஒரே அளவுப் பானைகள். நான்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"ஐயையோ, இது எங்கூட்டுது இல்லீங்க. எங்கூட்டுப் பான கரிக்கட்ட மாதிரில்ல இருக்கும். இது எதுத்த வீட்டம்மாவோடது. அவங்கதான் சாமான இப்படி வச்சிருப்பாங்க."

எதிர்வீட்டம்மாவும் செட்டி வீட்டுப் பெண்தான். அவர் வந்து ஒரு பானையை எடுத்து அதில் முகம் பார்த்தார். இதிலே பார்த்துப் பவுடர் போடலாம், இது தன்னுடையதாக இருக்க வழியே இல்லை, பின்வீட்டில்தான் உழைப்பாளிகள் என்று சொல்லிப் பானையைப் பின்வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். பின்வீட்டுக்காரர் அதைத் திரும்ப இந்தப் பக்கம் தள்ளினார். மூலை வீட்டிலிருந்து, எல்லாரும் எடுத்தபிறகு மிச்சமிருந்தால் அனுப்பினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். சண்டை வந்திருந்தால்கூட முடிந்திருக்கும். அடுத்தவருடைய நல்ல பானையைத் தெரியாமல் எடுத்துக்கொண்டோம் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று எல்லாரும் மரியாதை பார்த்தால் என்ன செய்வது? மணி பதினொன்று. நான் பானைகளுக்கு நடுவில் நின்றேன். மறுநாள் பரீட்சை. கையெல்லாம் செங்கல் நிறம்.

என்ன செய்வதென்று தெரியாதபோது மீதி வேலையை முடிப்பதுதான் என் வழக்கம். மூடிகளை இழுத்து வைத்து நாரைக் கையில் எடுத்தேன். அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு சிக்கு. அந்த மூடிய மட்டும் தொடாத. நீ இன்னும் சுத்தம் பண்ணாத சாமான் இந்த வீட்ல அது ஒண்ணுதான்."

மூடிகளில் கரி இருந்தது. கரிக்கு நடுவில் கைப்பிடியை ஒட்டி வட்டமும் கோடும் குறியும் புள்ளியும் அப்படியே இருந்தன. அலுமினியப் பானைகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், வருடக்கணக்கில் அடுப்பில் ஏறி இறங்கியதில் ஒவ்வொன்றின் வாயும் ஒவ்வொரு பக்கம் நெளிந்திருந்தது. அதனதன் மூடிதான் அதனதன் மேல் ஆடாமல் உட்காரும். மூடியைப் பிடித்தால் பானை கிடைக்கும்; பானை கிடைத்தால் வீடு கிடைக்கும்.

அக்கா மூன்று முக்காலிகளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அந்த மாதிரி நேரத்தில் அவருக்கே தோன்றுகிற ஒரு விதியைப் போட்டார். ஒவ்வொரு மூடிக்கும் பானை பொருந்தியதும் நான் அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் பானை வீட்டுக்குப் போகலாம். நாளைக்குப் பரீட்சை என்று நான் சொன்னதற்கு, இதுதான் பரீட்சை, நாளைக்கு நடப்பது வெறும் எழுத்து வேலை என்றார். பின்வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு நீதிபதி மாதிரி முதல் முக்காலியில் உட்கார்ந்தது அவர்தான்.

அக்கா மூடிக் குவியலிலிருந்து ஒன்றை உருவினார். சிவப்பு இரண்டு கோடு. நான் வழக்கம்போல் 'ஒன் ஆஃப் தேர் லிட்' என்றேன். அக்கா அந்த மூடியைத் திரும்பக் குவியலில் போட்டார். சிவப்புக் கோடு போட்ட நான்கையும் பொறுக்கிச் சேர்த்து வைத்து, அதிலிருந்து மறுபடி ஒன்றை எடுத்தார். முதலில் நாலு இருந்தால்தானே ஒன்றை எடுக்க முடியும் என்றார். ஐந்து மாதம் சிவப்பு மையில் எழுதிக் காட்டியதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஒன்று என்று சொல்லும்போது கை மற்ற மூன்றையும் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. 'லிட்ஸ்' என்றேன்.

"பாஸு," என்றார் பின்வீட்டுக்காரர். "அடுத்தது கொண்டாங்க."

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

நடுவில் ஒரு மூடி எதிலும் உட்காரவில்லை. பதினான்கு பானையிலும் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஆடியது. அதில் நீலக்குறி இருந்ததால் வீடு தெரிந்தது. ஆனால் வீடு தெரிந்து என்ன செய்ய, பானை தெரியவில்லையே. எதிர்வீட்டம்மா அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். ஒரு பானையில் ஆடாமல் உட்கார்ந்தது. மூலை வீட்டில் அப்படித்தான் மூடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டார் அங்கே இல்லாததால் அந்தச் சிரிப்புக்குக் கொஞ்சம் கூடுதல் ருசி இருந்தது.

ஐந்தாவது மூடிக்கு மேல் எனக்குள் ஒன்று இடம் மாறிவிட்டது. மற்ற நாளில் பானையைப் பார்த்தால் முதலில் மனதுக்கு வருவது வீடு. இன்றைக்குப் பானையைப் பார்த்து வீடு சொல்ல முடியாது. கையில் இருப்பது மூடி ஒன்றுதான். அதனால் வேறு வழியில்லாமல் மூடியிலிருந்து தொடங்கினேன். எந்தப் பானையின் மூடி? கண்டுபிடித்தாயிற்று. எந்த வீட்டின் பானை? அதுவும் தெரிந்தது. எந்தத் தெருவின் வீடு? எங்கள் தெரு. கால் எந்த வழியில் நடந்ததோ வாயும் அதே வழியில் நடந்தது. 'த லிட்ஸ் ஆஃப் த பாட்ஸ் ஆஃப் த ஹவுசஸ் ஆஃப் அவர் ஸ்ட்ரீட்.' ஒரு மூச்சில் வந்தது. அக்கா சட்டென்று கையிலிருந்த மூடியைத் தரையில் வைத்தார்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

"இவ்வளவு நாளா இத எங்க வச்சிருந்த?"

மூன்று 'ஆஃப்'பும் அதனதன் இடத்தில் ஆடாமல் உட்கார்ந்திருந்தன.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எதிர்வீட்டம்மா தனக்கும் ஒன்று சொல்லித்தர வேண்டும் என்றார். அக்கா அவரையும் பின்வீட்டுக்காரரையும் காட்டி, இவர்கள் யார் என்று என்னிடம் கேட்டார். அதிலும் நான் எப்போதும் தவறுவேன். 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் அஸ்' என்பேன். 'அஸ்' என்றால் வெறும் 'எங்களை'தான், பானைக்குச் சொல்கிற மாதிரி 'எங்களுடைய' என்று வர வேண்டும் என்று யோசித்து, 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் அவர்ஸ்' என்றேன். அக்கா மலாயில் விளக்கினார். எதிர்வீட்டம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. பின்வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டார்.

"பானைக்கு சொல்ற மாதிரியே நமக்கும் சொல்றாங்களே டீச்சர், நம்மளயும் தேச்சுக் கழுவிருவீங்களோ?"

மதியம் ஒன்றேகாலுக்கு என் கணவர் வந்தபோது பதினோரு பானைகளுக்கு மூடி போட்டாயிற்று. சோறு ஆகவில்லை. அவர் மனைவி பரீட்சைக்கு முதல்நாள் கிணற்றடியில் மூன்று பெண்களுக்கு நடுவில் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இந்த ஆட்டத்துல நானும் உண்டா?"

"நீங்க யாரோட சாமானுன்னு முதல்ல அடையாளம் இருக்கான்னு பாக்கணும்," என்று பின்வீட்டுக்காரர் சொல்ல, அவர் தானே போய் முட்டை பொரித்துக்கொண்டு சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. பின்வீட்டுக்கு நான்கு, எதிர்வீட்டுக்கு நான்கு, மூலை வீட்டுக்கு மூன்று, அக்காவுக்கு மூன்று. வாங்கிய பானையை வெறுமையாகத் திருப்புவது தமிழர் வீட்டிலும் வழக்கமில்லை, செட்டி வீட்டிலும் வழக்கமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையும் இரண்டு வாழைப்பழமும் வைத்து நானும் அக்காவும் எடுத்துப் போய்க் கொடுத்தோம். போகிற வழியெல்லாம் அக்கா கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். எதிர்வீட்டம்மா பெயின்ட் டப்பாவைத் தயாராக வைத்திருந்தார். இரண்டு கோடுகளையும் நானே போட்டுத் தரவேண்டும் என்றார். அளவுகோல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொடுத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தேன். அக்கா கொடுத்திருந்த பழைய வாக்கியங்கள் பதினெட்டில் பதினாறு சரியாக வந்தன. தவறிய இரண்டும் கவனக்குறைவு. ஒன்பது மணிக்குப் படுத்தேன். தூங்கினேன்.

முடிவு ஜூன் மாதக் கடைசியில் தபாலில் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தேறியிருந்தேன், தாராளமாக அல்ல. என் கணவர் இங்கிலீஷ் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போகிறோமா இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவர் வாங்கிவந்த மீன் நாங்கள் இரண்டு பேர் சாப்பிடக்கூடியதைவிட மூன்று மடங்கு பெரியது. பாதி அக்காவின் அடுப்புக்குப் போனது.

ஏப்ரல் 21, திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்தது. எந்தத் தாளையும் முதல் கேள்வியிலிருந்து வரிசையாக எழுதியே பழகியவள் நான். அன்று வரிசையை விட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி மொழிபெயர்ப்புப் பகுதியைத் தேடினேன். 'எங்கள் ஊரின் தெருக்களின் மரங்களின் நிழல்' என்று தொடங்கியது முதல் வாக்கியம். 'நிழல்' என்ற சொல்லின்மேல் இடதுகை விரலை வைத்துக்கொண்டு, அதையே முதலில் எழுதினேன்.